நெய்வேலியில ‘கரி’ன்னா நிலக்கரி... ரேஸ் டிராக்கில் ‘கரி’ன்னா யார் தெரியுமா?

உங்க காரை, இன்னும் ஒழுங்கா கிளட்ச் விடத் தெரியாத ஒருத்தர் கையில கொடுப்பீங்களா?

பத்து இடத்துல கோடு விழுந்த பழைய காரைச் சொல்லல. ஆசைப்பட்டு, கலர் தேடி, மாசக்கணக்கா காத்திருந்து எடுத்த டர்போ கார். இன்னும் 31 இ.எம்.ஐ பாக்கி. வாரத்துக்கு ரெண்டு தடவை நீங்களே மைக்ரோஃபைபர் துணியால துடைக்கிற கார். அதோட சாவியைக் கேட்டு ஒருத்தர் கையை நீட்டினா என்ன பண்ணுவீங்க?

நான் பொய் சொன்னேன். போன மாசம் லீவுக்கு நெய்வேலி போயிருந்தப்ப, சித்தி பொண்ணு கேட்டா. வயசு 19, கையில எல்.எல்.ஆர் வந்து நாலு நாள். குவார்ட்டர்ஸ் ஷெட்ல எங்க அப்பாவோட பழைய மாருதி 800 நிக்குது. அவ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. பார்வையெல்லாம் வாசல்ல நின்ன என் கார் மேலதான். கிளட்ச் ஏதோ வாசனை அடிக்குது, மெக்கானிக்கிட்ட காட்டணும்னு வாய்க்கு வந்ததைச் சொல்லி சமாளிச்சேன். அவ நம்பல, ஆனா சரின்னு போயிட்டா. அதுதான் ராத்திரி தூங்க விடல.

இத்தனைக்கும் கார் பழக நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி ஒரு ஊர் கிடைக்குமா சொல்லுங்க. பிளாக் பிளாக்கா பிரிச்சு, அளவெடுத்துப் போட்ட நேர் நேரான ரோடு, ரெண்டு பக்கமும் மரம். காலை ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏத்துற பஸ் எல்லாம் போனப்புறம் ஒரு மணி நேரம் ரோடே நம்மளுது. நானும் அங்கதான் பழகினேன், அதே மாருதி 800-ல. முதல் வாரத்துலயே பாரதி ஸ்டேடியம் பக்கம் ஒரு மரத்தை முட்டினேன். எங்க அப்பா இறங்கி முன்பக்கத்தைப் பார்த்தார். ஒண்ணும் பேசாம மறுபடி ஏறி உட்கார்ந்து, கிளப்புன்னு கையைக் காட்டினார்.

அன்னைக்கு ராத்திரி அப்பா ஞாபகத்தோட இன்னொருத்தர் ஞாபகமும் வந்துச்சு. அவர் பேரும் கரி.

நெய்வேலிக்காரங்களுக்கு கரின்னா சுரங்கத்துல வெட்டி எடுக்கிற பழுப்பு நிலக்கரி. 1956-ல என்.எல்.சி தொடங்கினதுலேருந்து ஊரே அதை நம்பித்தான் இருக்கு. ஆனா ரேஸ் கார் பைத்தியம் பிடிச்ச யாரையாவது கேளுங்க, கரின்னா கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன்தான். இறந்து முப்பது வருஷம் ஆச்சு. நீங்க இந்தப் பேரைக் கேட்டிருந்தா அது அநேகமா ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ங்கிற டிராக் வழியா இருக்கும். அந்த டிராக்கோட பேர்ல இருக்கிற ‘கரி’ இவர்தான். கத்துக்க வந்தவங்களுக்கு ரேஸ் காரைக் கொடுத்தவர்னு ஒரு வரியில சொல்லிடலாம். ஆனா அவர் எப்படிக் கொடுத்தார்ங்கிறதுலதான் விஷயம் இருக்கு.

கரிவரதன் 1954 ஆகஸ்ட் 20-ம் தேதி பிறந்தவர். ஜி.குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய லட்சுமி மில்ஸ் குடும்பத்து வாரிசு. கோவையில் அந்தப் பேருக்கு விளக்கம் தேவையில்லை, பஸ் ஸ்டாப்பே அந்தப் பேரில்தான் இருக்கிறது. பணத்துக்குக் குறையில்லாத வீடு. மில் கணக்குப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால், மனசு போனது ஸ்டீயரிங் பக்கம்.

ஊரும் அப்படிப்பட்ட ஊர். 1920-லேயே ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவில் பஸ் விட்ட மண். மில் இருந்ததால் மில்லுக்கு மெஷின் செய்யும் கம்பெனி வந்தது. கூடவே ஃபவுண்டரி, லேத் பட்டறை, பம்ப்செட் எல்லாம் வந்தன. வெளிநாட்டு மெஷினில் ஒரு பாகம் உடைந்தால், கப்பலில் வரட்டும் என்று உட்காராமல், அதே மாதிரி இன்னொன்றைக் கடைந்து மாட்டிவிடுகிற பழக்கம் அந்த ஊருக்கு உண்டு. கரியின் கதையில் இந்தப் பழக்கம்தான் பின்னால் கைகொடுக்கிறது.

அந்தக் காலத்தில் ரேஸ் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். விமானம் இறங்குவது நின்றுபோன அந்த கான்கிரீட்டில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருடா வருடம் பந்தயம் நடத்தியது. (நெய்வேலியிலயும் ஒரு ஓடுபாதை இருக்கு. சின்ன வயசுல அதைப் பார்க்கும்போதெல்லாம் இதுல கார் ஓட்டினா எப்படி இருக்கும்னு நினைச்சிருக்கேன். நான் மட்டும்தான் அப்படி நினைச்சேன்னு தோணல.)

சோழவரத்தில் ஓடிய கார்களைப் பாருங்கள், அன்றைய நிலைமை புரிந்துவிடும். ஒரு பக்கம் வீட்டு ஃபியட்டையும் அம்பாசிடரையும் பிரித்து, எடையைக் குறைத்து, இன்ஜினைக் குடைந்து ஓட்டியவர்கள். இன்னொரு பக்கம் வெளிநாட்டிலிருந்து நிஜமான ரேஸ் காரையே இறக்கியவர்கள். விஜய் மல்லையா ‘என்சைன்’ என்ற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். அதே காலத்தில், அதே சோழவரத்தில் ஓடியவர்தான் கரி. வேகமான டிரைவர்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்பதுதான் சிக்கல். உங்களுக்கு 18 வயசு, ரேஸ் ஓட்ட ஆசை, வீட்டில் மில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதில் கற்றுக்கொள்வீர்கள்? இறக்குமதி காருக்கு வரி கட்டவே ஒரு சொத்து வேண்டும். பாகம் உடைந்தால் அடுத்த சீசன்தான். அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர் உங்களிடம் சாவியைக் கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு டர்போ ஹேட்ச்பேக்குக்கே என் வாயில் பொய் வந்தது.

கரி இந்த இடத்தில்தான் மற்றவர்களிடமிருந்து விலகுகிறார். நல்ல மனசோடு தன் காரை நாலு பேருக்குக் கொடுத்திருந்தால், நாலு பேர் ஓட்டியிருப்பார்கள், ஐந்தாவது ஆள் உடைத்திருப்பார், அதோடு கதை முடிந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. கற்றுக்கொள்கிறவர் உடைத்தாலும் தாங்குகிற ஒரு ரேஸ் காரை உருவாக்கினார்.

அதற்கு அவர் எடுத்த இன்ஜின் எது தெரியுமா? எங்க அப்பா ஷெட்ல நிக்குதே, அதே மாருதி 800 இன்ஜின்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன். கொஞ்ச வருடத்தில் ஊருக்கு ஊர் மெக்கானிக், தெருவுக்குத் தெரு ஸ்பேர் பார்ட்ஸ். கரி, 80-களின் கடைசியில், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கூடு மாதிரி ஒரு சட்டகம் செய்து, அந்தக் குட்டி இன்ஜினை டிரைவருக்குப் பின்னால் வைத்து, சக்கரங்கள் வெளியே தெரிகிற ஒற்றை சீட் ஃபார்முலா கார் கட்டினார். ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி இன்ஜின் என்பது முழுப்பெயர். முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘ஃபிஸ்மி’ என்றார்கள். ரேஸ் வட்டாரத்தில் நிலைத்த பெயர் ஃபார்முலா மாருதி.

ஒன்று செய்து காட்சிக்கு வைக்கவில்லை. ஒரே மாதிரி பல கார்கள். இளைஞர்கள் எட்டிப்பிடிக்கக்கூடிய செலவில் அவற்றை ஓட்டக் கொடுத்தார். சொந்தமாகக் கார் இல்லாத ஒருவரும் ஹெல்மெட்டோடு வந்து பந்தயத்தில் நிற்க வழி கிடைத்தது.

40 குதிரைத்திறனில் என்ன பெரிய ரேஸ் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால், கதவு, கண்ணாடி, பின் சீட், டேஷ்போர்டு எல்லாவற்றையும் கழித்துவிட்டால், அதே இன்ஜின் இழுக்க வேண்டிய எடை ரொம்பக் குறைந்துவிடுகிறது. உட்காருவதும் தரையை உரசுகிற உயரத்தில். வேகம் முள் காட்டுவதைவிட அதிகமாகவே தெரியும்.

முக்கியமான விஷயம் வேற. பவர் அதிகமான கார் உங்க தப்பை மறைச்சிடும். வளைவுல தேவையில்லாம பிரேக் அடிச்சிட்டீங்களா? வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா போன நேரத்தைக் கொஞ்சம் பிடிச்சிடலாம். 800 சிசி இன்ஜின்ல அது நடக்காது. ஒரு தடவை வேகத்தை விட்டா, அது திரும்ப வர அடுத்த நேர் ரோடு முழுக்க வேணும். அதனால எங்க பிரேக் அடிக்கணும், எவ்வளவு அடிக்கணும், ஸ்டீயரிங்கை எப்ப நேராக்கணும், முன்னால போற கார் கிழிச்ச காத்துல எப்படி ஒட்டிக்கிட்டுப் போகணும்னு எல்லாத்தையும் கத்துக்கிட்டே ஆகணும். எல்லா காரும் ஒரே இன்ஜின்ங்கிறதால, தோத்தா காரைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

என் காரையே எடுத்துக்கோங்க. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா முதல்ல ஒண்ணும் நடக்காது. பழகுறவங்க பயந்து இன்னும் அழுத்துவாங்க. அப்பதான் டர்போ முழிச்சிக்கும், கார் சட்டுனு பாயும். அந்தப் பதற்றத்துல கால் எங்க போகும்னு சொல்ல முடியாது. சித்தி பொண்ணுகிட்ட நான் சொல்லியிருக்க வேண்டிய நிஜமான காரணம் இதுதான்.

இன்னொண்ணையும் யோசிச்சுப் பாருங்க. வீட்டு கார்ல நாம பக்கத்துல உட்காரலாம். ஒரு கையை ஹேண்ட்பிரேக் மேல வெச்சுக்கலாம், ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுக்கலாம், கத்தலாம். கரி கொடுத்தது ஒற்றை சீட் கார். சாவி கை மாறின அப்புறம் கொடுத்தவருக்கு அதுல வேலையே இல்ல. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான். மோதினா பட்டறைக்கு வரும், வளைஞ்ச குழாயை வெட்டிட்டு வேற பத்தவைக்கலாம், உள்ளூர்லயே பாகம் கிடைக்கும், அடுத்த ரேஸுக்கு ரெடி. கோயம்புத்தூர் பட்டறைப் பழக்கம்னு முன்னாடி சொன்னேனே, அது இதுக்குத்தான்.

1990 வாக்கில் பந்தயங்கள் சோழவரத்தை விட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறின. பந்தயத்துக்கென்றே போட்ட, 3.7 கிலோமீட்டர் நீள டிராக். அங்கே ஃபார்முலா மாருதியில் தன் வாழ்க்கையின் முதல் கார் ரேஸை ஓடினான் கோவைப் பையன் ஒருவன். முதல் ரேஸிலேயே மேடை ஏறினான். அவனுடைய அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன், தென்னிந்திய ராலியை ஏழு முறை ஜெயித்தவர். பையன் பெயர் நரேன்.

நரேன் கார்த்திகேயனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1992-ல் பிரான்ஸின் எல்ஃப் வின்ஃபீல்ட் ரேஸிங் ஸ்கூலுக்குப் போனார். 1993-ல் இங்கே ஃபார்முலா மாருதியும் ஓட்டினார், பிரிட்டனில் ஃபார்முலா வாக்ஸாலும் ஓட்டினார். 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்கால தொடரை வென்று, ஐரோப்பாவில் சாம்பியன்ஷிப் ஜெயித்த முதல் இந்தியர் ஆனார். உலகத் தரமான கார்களில் உட்காரும்போது அவர் கையில் ஏற்கெனவே இருந்தது, எங்க அப்பா கார் இன்ஜினில் கற்ற பாடம். இப்படிச் சொல்வது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. எங்க அப்பாவுக்கும், காருக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை என்றாலும்கூட.

கரி இதில் பாதியைத்தான் பார்த்தார்.

1995 ஆகஸ்ட் 24. நாற்பத்தோராவது பிறந்தநாள் கழிந்து நாலே நாள். கார் விபத்து இல்லை. சோழவரம், ஸ்ரீபெரும்புதூர் என்று அத்தனை வருடம் ரேஸ் ஓட்டிய மனிதர், விமான விபத்தில் இறந்துபோனார். பறப்பதும் அவருக்குப் பிடித்த விஷயம்.

அப்போது நரேனுக்கு 18 வயது. அடுத்த வருடம், 1996-ல், ஃபார்முலா ஏஷியா பட்டத்தை ஜெயித்தார். 2001 ஜூன் 14, சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டி, ஃபார்முலா ஒன் கார் ஓட்டிய முதல் இந்தியரானார். 2005 மார்ச்சில் ஜோர்டான் அணிக்காக ஆஸ்திரேலியாவில் முதல் பந்தயம். அதே வருடம் அமெரிக்க கிராண்ட் ப்ரீயில் நாலாவது இடம், ஐந்து புள்ளிகள். டயர் பிரச்னையால் அன்று ஆறே கார்கள்தான் ஓடின என்பது வேறு விஷயம். கரி இருந்திருந்தால் அவருக்கு 50 வயது. டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்திருப்பார், அல்லது நேராகவே போயிருப்பார். இதையெல்லாம் தேதி வாரியாக எழுதும்போது, 95 ஆகஸ்ட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா என்று இருக்கிறது.

அவருக்குப் பிறகும் ஃபார்முலா மாருதி ஓடியது. சென்னையின் கருண் சந்தோக்கும் 2000-ல் அதில் ஓடியவர்தான். அவர் 2010-ல் ஃபார்முலா ஒன் போனார். இதுவரை இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயம் ஓடியவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் இந்த 800 சிசி காரைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள்.

கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த டிராக்குக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தேசியப் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. ஆனால் நான் உங்களைப் போய்ப் பார்க்கச் சொல்வது ‘ஃபார்முலா பாரத்’ நடக்கிற நாட்களில். இன்ஜினீயரிங் கல்லூரிப் பசங்களும் பொண்ணுங்களும் தாங்களே வெல்டிங் வைத்துக் கட்டிய ஒற்றை சீட் கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். பிரேக் சோதனையில் தோற்று அழுவார்கள். ராத்திரியெல்லாம் ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பார்கள். காலையில் அது கிளம்பினால், காலேஜ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார்கள். வேறு எந்த டிராக்கில் நடந்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

நெய்வேலிக்கு வருவோம். நம்ம பிளாக் ரோடு இருங்காட்டுக்கோட்டை இல்ல, அதனால ரெண்டு விஷயம் சொல்லிடுறேன். ரேஸ் டிராக்ல தனி லைசென்ஸ், தனி விதி. ரோட்டுல எல்.எல்.ஆர் இல்லாத யார்கிட்டயும் சாவி கொடுக்காதீங்க. லைசென்ஸே இல்லாதவர்கிட்ட வண்டியைக் கொடுத்தா ஓனருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், மூணு மாசம் வரை ஜெயில். 18 வயசு ஆகாத பசங்கன்னா 25,000 ரூபாய், மூணு வருஷம் வரை ஜெயில். எல்.எல்.ஆர் இருந்தாலும், முன்னாலயும் பின்னாலயும் வெள்ளையில சிவப்பு ‘எல்’ ஒட்டணும், லைசென்ஸ் உள்ள ஒருத்தர் பக்கத்து சீட்ல இருக்கணும். தம்பி நல்லா ஓட்டுவான்கிற சர்டிபிகேட் எல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட செல்லாது.

மறுநாள் காலையில சித்தி பொண்ணுகிட்ட கிளட்ச் விஷயம் பொய்னு ஒத்துக்கிட்டேன். தெரியும்னு சிரிச்சா. ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போய், 800-ஓட பானெட்டைத் திறந்து அந்தக் குட்டி இன்ஜினைக் காட்டி, மேல சொன்ன கதையை அப்படியே சொன்னேன். நரேன் பேர் வந்ததும்தான் அவ போனைக் கீழ வெச்சா.

பேட்டரி நிஜமாவே செத்துப் போயிருந்துச்சு. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணினோம். எட்டு நாள், காலை ஷிஃப்ட் பஸ் போனப்புறம், அவ 800-ல பழகினா. ஒரு நாள் ரிவர்ஸ்ல எங்க சுவரைத் தட்டி பின் விளக்கு உடைஞ்சுது. அப்பா போய் மெயின் பஜார்ல வாங்கிட்டு வந்து அவரே மாட்டினார்.

ஒன்பதாம் நாள் என் காரோட முன்னாலயும் பின்னாலயும் ‘எல்’ ஒட்டினேன். சாவியைக் கொடுத்துட்டு இடது பக்க சீட்ல உட்கார்ந்தேன். அப்பா பின்னால. பிளாக் ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு. மூணாவது தடவை கிளம்பினப்ப டர்போ இழுத்துச்சு. அவ காலை எடுத்துட்டா, பிரேக்கைத் தேடல. கார் தானா அடங்கி, மரங்களுக்கு நடுவுல செகண்ட் கியர்ல போச்சு. என் கை இன்னும் ஹேண்ட்பிரேக் மேலயே இருக்குன்னு பின்னாலேருந்து அப்பா தோளைத் தட்டினப்பதான் தெரிஞ்சுது. எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்.